கிரேனும் கரும்பு ஏற்றியும்: பல்லுறுப்பு இயந்திரங்களுக்கு பாண்ட் கிராஃப் பொருந்துமா?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இயந்திரப் பொறியியல் இறுதியாண்டு படிக்கும் ஒருவர் அனுப்பிய கேள்வியின் சாரம் இது. மோட்டார், ஸ்பிரிங், நீரியல் பம்பு ஆகியவற்றுக்கு, திறன் எங்கிருந்து எங்கே செல்கிறது என்று காட்டும் வரைபடமான பாண்ட் கிராஃபை வரைய வகுப்பில் கற்றிருக்கிறார். அதே முறையில் துறைமுகக் கிரேன் ஒன்றை வரைந்தபோது, மென்பொருள் ஒரு நிறையின் மீது "வகைக்கெழுக் காரணத்தன்மை" என்று எச்சரித்தது. எச்சரிக்கையைப் பொருட்படுத்தாமல் ஓட்டினால், கிரேன் ஆடாமல் நிற்கும் தொடக்க நிலையிலேயே பூஜ்யத்தால் வகுத்த பிழையோடு நின்றுவிட்டது. அடுத்ததாகக் கரும்பு ஏற்றும் வண்டியின் கையை உருவகிக்க எண்ணியிருக்கிறார். மூட்டுகளால் இணைந்த பல உறுப்புகள் கொண்ட இயந்திரங்களுக்கு இந்த முறை பொருந்துமா, அல்லது இதைக் கைவிட்டு, இயக்கத்தை ஆற்றலிலிருந்து வருவிக்கும் லாக்ராஞ்சி சமன்பாடுகளுக்கே திரும்பிவிடலாமா என்று கேட்கிறார்.

பொருந்தும். லாக்ராஞ்சியைக் கைவிடவும் வேண்டியதில்லை. அவரே பாண்ட் கிராஃபுக்குள் வந்து உட்காரும் இடம் ஒன்று உண்டு, அதைக் கீழே சொல்கிறேன். நீங்கள் பார்த்த எச்சரிக்கையை மென்பொருளின் குறை என்று எண்ண வேண்டாம். இரண்டு உறுப்புகளைக் கொஞ்சமும் நெகிழாத இணைப்பால் கட்டியிருக்கிறீர்கள், ஆகவே அவற்றின் திசைவேகங்கள் ஒன்றையொன்று சார்ந்துவிட்டன என்று ஒரு சமன்பாடும் எழுதாமலேயே படம் உங்களுக்குச் சொல்கிறது. அந்த இணைப்பு உண்மையான இயந்திரத்தில் எங்கே, எவ்வளவு நெகிழ்கிறது என்று பார்த்து அதற்கேற்ப வழியைத் தேர்ந்தால் இத்தகைய சிக்கல்களில் பெரும்பாலானவை தீர்ந்துவிடும் என்பதே என் கருத்து.

அடிப்படைகளை வேகமாகக் கடந்துவிடுவோம். எம்.ஐ.டி.யில் ஹென்றி பேய்ன்டர் 1959 ஏப்ரல் 24 அன்று இந்தக் குறியீட்டுக்கு முழு வடிவம் கொடுத்தார். டீன் கார்னோப், ரொனால்ட் ரோசன்பெர்க், டொனால்ட் மார்கோலிஸ் ஆகியோர் அதைப் பொறியாளர்கள் அன்றாடம் கையாளத்தக்க கருவியாக வளர்த்தனர். ஒவ்வொரு பிணைப்பும் திறன் செல்லும் வழி. அதில் எஃபர்ட், ஃப்ளோ என்ற இரண்டு மாறிகள் உண்டு. அவற்றின் பெருக்கற்பலனே திறன். இயந்திரவியலில் அவை விசையும் திசைவேகமும், அல்லது திருப்புவிசையும் கோணத் திசைவேகமும். ஐ உறுப்பு நிலைமத்தையும், சி உறுப்பு ஸ்பிரிங்கையும், ஆர் உறுப்பு உராய்வையும் குறிக்கும். 1 சந்தியில் திசைவேகம் பொது, விசைகள் கூடும். 0 சந்தியில் விசை பொது, திசைவேகங்கள் கூடும். டிஎஃப் எனப்படும் மாற்றி ஒரு திசைவேகத்தை இன்னொரு திசைவேகமாகவும், ஜிஒய் எனப்படும் கைரேட்டர் ஒரு திசைவேகத்தை விசையாகவும் மாற்றும். இரண்டுமே திறனை இழப்பதில்லை. இவற்றின் கெழு இயந்திரத்தின் நிலையைப் பொறுத்து மாறுமானால் எம்டிஎஃப், எம்ஜிஒய் என்கிறோம். பல்லுறுப்பு இயந்திரங்களில் வருபவை பெரும்பாலும் இந்த மாறும் வகைகளே, ஏனெனில் கை உயர உயர நெம்புதூரமும் மாறிக்கொண்டே போகும்.

பிணைப்பின் ஒரு முனையில் இடும் காரணக் கோடு, எந்தப் பக்கம் விசையைத் தீர்மானிக்கிறது, எந்தப் பக்கம் திசைவேகத்தைத் தீர்மானிக்கிறது என்று காட்டும். ஒரு நிறை விசையைப் பெற்று, அதைத் தொகையிட்டு உந்தமாக்கி, திசைவேகத்தைத் திருப்பிக் கொடுத்தால் அது தொகைக் காரணத்தன்மை. கணினிக்கு உகந்தது இதுவே. திசைவேகம் வேறு எங்கோ முன்பே தீர்மானிக்கப்பட்டு வந்து, நிறை அதை வகையிட்டு விசையைக் கொடுக்க வேண்டியிருந்தால் அது வகைக்கெழுக் காரணத்தன்மை.

இனி உங்கள் கிரேன். டர்பன் துறைமுகத்தை ஒட்டிய ப்ளஃப் மேட்டிலிருந்து பார்த்தால் தெரியும் கப்பலோரக் கிரேன்களை நினைத்துக்கொள்ளுங்கள்: மேலே தண்டவாளத்தில் ஓடும் ட்ராலி, அதிலிருந்து எஃகுக் கயிறுகளில் தொங்கும் கன்டெய்னர். கணக்குக்காக ட்ராலியின் நிறை 25 டன், பிடிப்பானோடு சேர்ந்த சுமை 40 டன், கயிற்றின் நீளம் 20 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். இவை நான் எடுத்துக்காட்டுக்காக எடுத்த எண்கள். எந்தக் குறிப்பிட்ட கிரேனின் அளவுகளும் அல்ல.

கயிறு நீளாது என்று கொண்டால் இதற்கு இரண்டே சுதந்திர இயக்கக்கூறுகள்தாம்: ட்ராலியின் நகர்வும் கயிற்றின் கோணமும். வரையும்போது நான்கு 1 சந்திகள் வரும்: ட்ராலியின் திசைவேகம், கோணத் திசைவேகம், சுமையின் கிடைத் திசைவேகம், சுமையின் செங்குத்துத் திசைவேகம். சுமையின் கிடைத் திசைவேகம் என்பது ட்ராலியின் திசைவேகத்தோடு, கயிற்றின் நீளம், கோணத்தின் கொசைன், கோணத் திசைவேகம் ஆகிய மூன்றின் பெருக்கற்பலனைக் கூட்டியது. செங்குத்துத் திசைவேகம் கயிற்றின் நீளம், கோணத்தின் சைன், கோணத் திசைவேகம் ஆகியவற்றின் பெருக்கற்பலன். ஆகவே இரண்டு எம்டிஎஃப்கள் வேண்டும்: ஒன்றின் கெழு நீளம் பெருக்கல் கொசைன், மற்றதன் கெழு நீளம் பெருக்கல் சைன். ட்ராலிக்கு ஓர் ஐ, சுமையின் கிடை இயக்கத்துக்கு ஓர் ஐ, செங்குத்து இயக்கத்துக்கு ஓர் ஐ; செங்குத்துச் சந்தியில் எடை ஒரு விசை மூலமாகச் சேரும்.

ஐ உறுப்புகள் மூன்று, சுதந்திர இயக்கக்கூறுகள் இரண்டு. ஆகவே ஏதேனும் ஓர் ஐ வகைக்கெழுக் காரணத்தன்மைக்குத் தள்ளப்பட்டே தீரும். எது என்பதுதான் உங்கள் பிழையின் வேர். ட்ராலியும் சுமையின் கிடை நிறையும் தொகைக் காரணத்தன்மை பெற்றால், கோணத் திசைவேகம் அவ்விரண்டின் வித்தியாசத்தை நீளம் பெருக்கல் கொசைனால் வகுத்துக் கிடைக்கும். கயிறு கிடையாக 90 பாகை சாய்ந்தால் மட்டுமே அது வெடிக்கும், எந்தக் கிரேனும் அந்த நிலைக்குப் போவதில்லை. மாறாக, ட்ராலியோடு சுமையின் செங்குத்து நிறைக்குத் தொகைக் காரணத்தன்மை கிடைத்திருந்தால், கோணத் திசைவேகத்தைப் பெற நீளம் பெருக்கல் சைனால் வகுக்க வேண்டும். கயிறு நேராகத் தொங்கும்போது சைன் பூஜ்யம். கிரேன் ஓய்ந்து நிற்கும் நிலைதான் அந்தத் தேர்வின் மிக மோசமான புள்ளி. மென்பொருளுக்கு இவ்விரண்டு தேர்வுகளும் ஒன்றே. படத்தில் எதை முதலில் வரைந்தீர்களோ, பட்டியலில் எது முன்னால் இருந்ததோ அதற்குக்கூட அது முன்னுரிமை கொடுத்திருக்கலாம். காரணக் கோடுகளை மென்பொருள் தானாக இட்டாலும், மாற்றிகளின் வழியே எந்தப் பக்கம் வகுத்தல் நடக்கிறது என்று ஒருமுறை விரலால் தொடர்ந்து பார்த்துவிட்டுத்தான் ஓட்ட வேண்டும் என்று நான் வலியுறுத்துவது இதனால்தான்.

செங்குத்து நிறையை வகைக்கெழுப் பக்கம் தள்ளிவிட்டால் பிழை போய்விடும், ஆனால் எச்சரிக்கை போகாது. அதைத் தீர்க்க மூன்று வழிகள் உண்டு. மூன்றும் ஒரே தரத்தவை என்று நான் நினைக்கவில்லை.

முதலாவது, இயந்திரத்தின் உண்மையான நெகிழ்வைப் படத்தில் சேர்ப்பது. கயிறு நீளாது என்பது நாம் சொன்ன பொய். எஃகுக் கயிற்றின் பயனுறு மீட்சிக் குணகத்தை 100 கிகாபாஸ்கல் என்றும், தாங்கும் கயிறுகள் அனைத்தின் உலோகப் பரப்பை 3,000 சதுர மில்லிமீட்டர் என்றும் கொண்டால், 20 மீட்டர் நீளத்துக்கு விறைப்பு மீட்டருக்கு 1.5 கோடி நியூட்டன். 40 டன் எடையில் அது ஏறக்குறைய 26 மில்லிமீட்டர் நீளும், நம்பத்தக்க எண்தான். சுமை அந்த ஸ்பிரிங்கில் மேலும் கீழும் துள்ளும் அதிர்வெண் சுமார் 3 ஹெர்ட்ஸ். ஊசலாகப் பக்கவாட்டில் ஆடும் காலமோ, ட்ராலியை நகராமல் பிடித்திருந்தால், சுமார் 9 விநாடி. இரண்டு கோண அதிர்வெண்களுக்கும் உள்ள விகிதம் 28 அளவே. கணினிக்கு இது ஒரு பொருட்டே அல்ல. சாதாரண நான்காம் படி ரங்கே-குட்டா முறையில் 0.01 விநாடிப் படியோடு ஓட்டினால் போதும். நெகிழ்வைச் சேர்த்தால் கணக்கு மந்தமாகிவிடும் என்று பாடநூல்கள் பயமுறுத்துவது இந்த இடத்தில் பொருந்தவில்லை.

இப்போது படம் மாறுகிறது. கயிறு நீளும் வேகத்துக்கு ஒரு சந்தி. அதில் கயிற்றுக்கு ஒரு சி உறுப்பும் உள்ளொடுக்கத்துக்கு ஓர் ஆர் உறுப்பும். ட்ராலிக்கும் சுமைக்கும் இடையிலான கிடைத் திசைவேக வித்தியாசம் சைன் கெழு வழியாகவும், செங்குத்துத் திசைவேகம் எதிர்க் குறியோடு கொசைன் கெழு வழியாகவும் அந்தச் சந்திக்கு வந்து சேரும். மூன்று ஐ உறுப்புகளும் தொகைக் காரணத்தன்மை பெற்றுவிடும். மாற்றிகளில் எங்கும் வகுத்தல் இல்லை. கோணத்தைத் தனி நிலை மாறியாக வைக்க வேண்டியதும் இல்லை, இரண்டு நிறைகளின் இடங்களிலிருந்து கணக்கிட்டுக்கொள்ளலாம். ஒன்றை மறக்க வேண்டாம்: கயிறு இழுக்கும், தள்ளாது. நீட்சி குறை எண்ணானால் விசை பூஜ்யம் என்று சி உறுப்பின் விதியில் எழுதிவிட்டால், கன்டெய்னர் லாரியின் மீது அமரும் கணமும் அதே படத்தில் சரியாக வரும். நீளாத கயிறு என்ற பொய்யோடு தொடங்கியிருந்தால் அந்தக் கணத்துக்கு வேறு ஒரு படமே வரைய வேண்டியிருக்கும்.

இரண்டாவது வழியில்தான் லாக்ராஞ்சி வருகிறார். சார்ந்த நிறைகளைத் தனித்தனி ஐ உறுப்புகளாக வைக்காமல், சுதந்திர இயக்கக்கூறுகளின் அடிப்படையில் ஒரே பல்வாய் நிலைமக் களமாகச் சேர்த்துவிடுவது இது; கார்னோப் குழுவினர் இதை ஐசி களம் என்பார்கள். நம் கிரேனில் அது இரண்டுக்கு இரண்டு அணி: முதல் மூலைவிட்ட உறுப்பு இரு நிறைகளின் கூட்டல், இரண்டாவது சுமை பெருக்கல் நீளத்தின் இருபடி, பக்க உறுப்புகள் இரண்டும் சுமை பெருக்கல் நீளம் பெருக்கல் கொசைன். இதன் அணிக்கோவையைக் கணக்கிட்டுப் பாருங்கள்: ட்ராலியின் நிறையோடு, சுமை பெருக்கல் சைனின் இருபடியைக் கூட்டி, அதைச் சுமை பெருக்கல் நீளத்தின் இருபடியால் பெருக்கியது. ட்ராலிக்கு நிறை இருக்கும் வரை எந்தக் கோணத்திலும் அது பூஜ்யமாகாது. சைனால் வகுத்தால் ஓய்வில் வெடிக்கும், கொசைனால் வகுத்தால் கிடையில் வெடிக்கும் என்ற இரண்டு கவலைகளும் இயந்திரத்துக்கு உரியவை அல்ல, நாம் தேர்ந்த ஆயங்களுக்கு உரியவை என்பது இங்கே தெளிவாகிறது.

இந்த வழியில் ஒரு பள்ளம் உண்டு. நிலைம அணி கோணத்தைப் பொறுத்து மாறுவதால், இயக்க ஆற்றலும் கோணத்தின் சார்பாகிவிடுகிறது. ஆகவே கோண உந்தத்தின் மாறுவீதத்தில் எடையால் வரும் திருப்புவிசையோடு, இயக்க ஆற்றலைக் கோணத்தைப் பொறுத்து வகையிட்ட உறுப்பும் சேர வேண்டும். இங்கே அது, குறை எண்ணாக, சுமை, நீளம், சைன், ட்ராலியின் திசைவேகம், கோணத் திசைவேகம் ஆகிய ஐந்தின் பெருக்கற்பலன். ஐசி களத்தின் பெயரில் உள்ள சி குறிப்பது இந்த உறுப்பைத்தான். இதை விட்டுவிட்டாலும் படம் ஓடும், ஊசல் ஆடும், சிறு கோணங்களில் விடை சரிபோலவே தோன்றும். பெரிய ஆட்டத்தில் மட்டும் மொத்த ஆற்றல் காரணமின்றி ஏறி இறங்கும்.

மூன்றாவது வழி, கட்டுப்பாட்டு விசையை அறியப்படாத மாறியாக வைத்து, வகைக்கெழு-இயற்கணிதச் சமன்பாடுகளாகத் தீர்ப்பது. இழுவிசை எவ்வளவு இருந்தால் கயிற்றின் நீளம் மாறாது என்பதைத் தீர்வியே, அதாவது சமன்பாடுகளைத் தீர்க்கும் நிரலே, ஒவ்வொரு படியிலும் தேடும். லிண்டா பெட்சோல்ட் 1982-இல் வெளியிட்ட டாசில் போன்ற தீர்விகள் இந்த வகைச் சமன்பாடுகளுக்கானவை. ஆனால் இடக் கட்டுப்பாட்டை அப்படியே எழுதினால் சமன்பாட்டின் சுட்டெண், அதாவது சாதாரண வகைக்கெழுச் சமன்பாடாக்க எத்தனை முறை வகையிட வேண்டும் என்ற எண், மூன்றாகும். அதை இருமுறை வகையிட்டுக் குறைத்தால் ஓடும், ஆனால் கயிற்றின் நீளம் மெல்ல மெல்ல நழுவும். அந்த நழுவலை இழுத்துப் பிடிக்க பாம்கார்டே 1972-இல் சொன்ன நிலைப்படுத்தலைச் சேர்க்க வேண்டும்; அதன் இரண்டு மாறிலிகளை எப்படித் தேர்வது என்பது தனி வித்தை. இயந்திர உருவகங்களைச் சமன்பாடுகளாக எழுதும் மாடலிக்கா மொழிக்கான மென்பொருள்கள் இந்தச் சுட்டெண் குறைப்பைத் தாமாகவே செய்கின்றன. நூறு மூட்டுகள் கொண்ட இயந்திரமானால் இதுவே வழி. இரண்டு, மூன்று உறுப்புகள் கொண்ட மாணவர் திட்டத்துக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன், ஏனெனில் பிழை வந்தால் அது இயற்பியலில் வந்ததா, தீர்வியில் வந்ததா என்று பிரித்தறிய முடியாது.

முப்பரிமாணத்துக்குப் போவோம். முதலில் ஓர் அறிவுரை: முப்பரிமாணத் திண்பொருளின் பாண்ட் கிராஃபை ஒற்றைப் பிணைப்புகளால் ஒரே தாளில் வரைய முயலாதீர்கள், அது தொடக்கமும் முடிவும் தெரியாத சிக்குக் கோலமாகிவிடும். மூன்று கூறுகளையும் ஒரே கோட்டில் ஏற்றும் பல்பிணைப்பு வரைவையே பயன்படுத்துங்கள். நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழகத்தில் 1980-களில் இந்த வடிவம் பல்லுறுப்பு இயந்திரங்களுக்காகச் செப்பனிடப்பட்டது. 1986-இல் அங்கே முடிந்த முனைவர் ஆய்வொன்று அதைக் கொண்டு ஒரு மோட்டார் சைக்கிளையே உருவகித்தது.

ஒரு திண்பொருளின் சுழற்சிக்கு, அதனோடு பதிந்த முதன்மை அச்சுகளில் மூன்று 1 சந்திகள். ஒவ்வொன்றிலும் அந்த அச்சின் நிலைமத் திருப்புத்திறன் ஐ உறுப்பாக. மூன்று சந்திகளுக்கும் இடையே வளையமாக மூன்று எம்ஜிஒய்கள். முதல் இரண்டு அச்சுகளுக்கு இடையிலுள்ள எம்ஜிஒய்யின் கெழு மூன்றாம் அச்சின் கோண உந்தம். மற்ற இரண்டும் அதே முறையில் சுழன்று வரும். இந்த வளையத்தை விரித்து எழுதினால் ஆய்லரின் சமன்பாடுகள் அப்படியே கிடைக்கும். சுழலும் ஆயத்தில் எழுதுவதால் தோன்றும் அந்தக் கூடுதல் உறுப்புகள் வேலை எதையும் செய்வதில்லை என்பது சமன்பாட்டில் மறைந்து கிடக்கும் உண்மை. படத்திலோ அது கைரேட்டர் என்ற வடிவத்திலேயே வெளிப்படையாக நிற்கிறது, ஏனெனில் கைரேட்டர் திறனை உருவாக்கவும் முடியாது, விழுங்கவும் முடியாது.

இந்த முறையை நான் விட்டுவிடாததற்கு முதன்மைக் காரணம் மூட்டுகள்தாம். ஒரு மூட்டு இருக்கும் புள்ளியின் திசைவேகம், நிறை மையத்தின் திசைவேகத்தோடு, கோணத் திசைவேகத்துக்கும் அப்புள்ளியின் நிலை வெக்டருக்கும் உள்ள குறுக்குப் பெருக்கலைக் கூட்டியது. இதைப் படத்தில் ஓர் எம்டிஎஃப் ஆக, நிலை வெக்டரின் எதிர்ச்சமச்சீர் அணியைக் கெழுவாகக் கொண்டு, ஒருமுறை எழுதினால் போதும். மூட்டில் செயல்படும் விசை நிறை மையத்தைச் சுற்றி எவ்வளவு திருப்புவிசை தரும் என்று தனியாகக் கணக்கிட வேண்டியதே இல்லை. மாற்றி திறனைக் காப்பதால், அதே அணியின் திருப்பம் விசைப் பக்கத்தில் தானாகவே செயல்பட்டு, சரியான குறியோடு திருப்புவிசையைக் கொடுத்துவிடும். கையால் சமன்பாடு எழுதுபவர்கள் திசைவேகப் பக்கம் ஒரு குறியும் விசைப் பக்கம் வேறு குறியும் இட்டு நாள்கணக்கில் தேடுவது இந்த இடத்தில்தான். பாண்ட் கிராஃபில் இயக்கவடிவியலைச் சரியாக எழுதினால் விசையியல் இலவசமாகக் கிடைக்கும்.

திசையமைவைக் கணக்கிட மூன்று கோணங்களைப் பயன்படுத்தினால் ஏதோ ஒரு நிலையில் வகுத்தல் பிழை காத்திருக்கும். நான்கு கூறுகள் கொண்ட குவாட்டர்னியனை வைத்து, அவ்வப்போது அதன் அளவை ஒன்றாகத் திருத்திக்கொள்வது நல்லது.

இப்போது கரும்பு ஏற்றி. வெட்டிக் குவித்த கரும்பை ஆள்கள் தோளில் சுமந்து ஏற்றிய நிலத்தில் இன்று அதை இயந்திரக் கை அள்ளுகிறது. ரிச்சர்ட்ஸ் பேயில் தலைமையகம் கொண்ட பெல் நிறுவனத்தின் மூன்று சக்கர ஏற்றிகளை குவாசுலு-நடாலின் வடகரையில் பார்க்காமல் இருக்க முடியாது. உங்கள் திட்டத்துக்கு அதன் கை கிரேனைவிட நல்ல தேர்வு என்பேன், ஏனெனில் அங்கே இயந்திரவியலும் நீரியலும் ஒன்றாகச் சந்திக்கின்றன. பாண்ட் கிராஃபுக்குப் போட்டியே இல்லாத இடம் அதுதான்.

கையைத் தூக்கும் நீரியல் சிலிண்டர், வண்டிச் சட்டத்தில் ஒரு முள்ளிலும் கையில் இன்னொரு முள்ளிலும் பொருந்தியிருக்கிறது. கையின் சுழல்முனையையும் சேர்த்தால் ஒரு முக்கோணம். அதன் ஒரு பக்கம், அதாவது சிலிண்டர், நீளமும் குறுகலுமாக மாறுகிறது. இது மூடிய வளையம். திண்பொருள் உருவகங்களில் மூடிய வளையங்கள்தாம் மிகவும் தொல்லை தருபவை. இங்கே அதைக் கடப்பது எளிது. முக்கோணத்தின் மாறாத இரு பக்கங்களின் பெருக்கற்பலனை, அவற்றுக்கு இடையிலான கோணத்தின் சைனால் பெருக்கி, சிலிண்டரின் அப்போதைய நீளத்தால் வகுத்தால் ஒரு நீளம் கிடைக்கும். கையின் கோணத் திசைவேகத்தை அதனால் பெருக்கினால் சிலிண்டர் நீளும் வேகம். சிலிண்டரின் விசையை அதனாலேயே பெருக்கினால் கையைத் தூக்கும் திருப்புவிசை. அந்த நீளம் வேறொன்றும் அல்ல, சுழல்முனையிலிருந்து சிலிண்டரின் அச்சுக்கு இழுத்த செங்குத்துத் தூரம். ஒரே ஓர் எம்டிஎஃப் முழு முக்கோணத்தையும் விழுங்கிவிடுகிறது.

அந்த எம்டிஎஃபின் மறுபக்கத்தில் சாதாரண டிஎஃப் ஒன்று, பிஸ்டனின் பரப்பைக் கெழுவாகக் கொண்டு, விசையை அழுத்தமாகவும் திசைவேகத்தை எண்ணெயின் பாய்வாகவும் மாற்றும். 100 மில்லிமீட்டர் விட்டமுள்ள பிஸ்டனுக்கு 200 பார் அழுத்தத்தில் ஏறக்குறைய 157 கிலோநியூட்டன். இங்கேதான் மேலே சொன்ன கருத்து பலன் தருகிறது. எண்ணெய் அமுங்காது என்று வைத்தால், வால்வு பாய்வைத் தீர்மானிக்க, பாய்வு கையின் வேகத்தைத் தீர்மானிக்க, கையின் நிலைமம் வகைக்கெழுக் காரணத்தன்மையில் மாட்டிக்கொள்ளும். உண்மையில் எண்ணெய் அமுங்கும். அதன் பருமக் குணகத்தை 1.4 கிகாபாஸ்கல் என்று கொண்டால், அரை மீட்டர் நீள எண்ணெய்த் தூண் ஒன்று மீட்டருக்கு 2.2 கோடி நியூட்டன் விறைப்புள்ள ஸ்பிரிங்காக நடந்துகொள்கிறது. அழுத்தச் சந்தியில் அதை ஒரு சி உறுப்பாக இட்டதும் எல்லாக் காரணக் கோடுகளும் ஒழுங்காகிவிடும். ஓட்டுநர் நெம்பைச் சட்டென விட்டதும் கை இரண்டு மூன்று முறை குலுங்கி நிற்குமே, அந்தக் குலுக்கத்தில் பெரும்பங்கு இந்த ஸ்பிரிங்கினுடையது. அதை விட்டுவிட்ட உருவகம் வால்வை வடிவமைக்க உதவாது.

ஆனால் எல்லா மூட்டுகளிலும் இப்படி ஸ்பிரிங்கை அடைக்கலாம் என்று எண்ணிவிட வேண்டாம். எஃகு முள்ளும் புஷ்ஷும் சேர்ந்த மூட்டின் விறைப்பு மீட்டருக்கு 100 கோடி நியூட்டன், அதில் இணைந்த உறுப்பு 200 கிலோகிராம் என்று கொண்டால், அதிர்வெண் சுமார் 350 ஹெர்ட்ஸ். படி பத்தாயிரத்தில் ஒரு விநாடி அளவுக்குச் சுருங்கும், நீங்கள் பார்க்க விரும்பும் இயக்கமோ பல விநாடிகள் நீளும். அந்த மூட்டுகளைத் திண்மமாகவே வைத்து, இரண்டாம் வழியில் நிலைமக் களமாகச் சேர்த்துவிடுங்கள். கணினி வேகமாக ஓட வேண்டும் என்பதற்காக மூட்டின் விறைப்பை மனம்போல் நூறில் ஒரு பங்காகக் குறைப்பவர்கள் உண்டு. அப்படிக் கிடைக்கும் அதிர்வு எந்த இயந்திரத்துக்கும் சொந்தமில்லாதது.

மென்பொருளைப் பற்றிச் சுருக்கமாக. ட்வென்டே மரபில் வந்த 20-சிம் காரணக் கோடுகளைத் தானே இட்டுக் காட்டும். காரக்பூர் ஐ.ஐ.டி.யில் உருவான சிம்பல்ஸ் இன்னொன்று. கட்டணமின்றி வேண்டுமானால் ஓப்பன்மாடலிக்கா இருக்கிறது. மாடலிக்கா மொழியில் பிரான்சுவா செல்லியே என்பவர் உருவாக்கிய பாண்ட் கிராஃப் நூலகமும், டிர்க் சிம்மர் உருவாக்கிய பல்பிணைப்பு நூலகமும் உள்ளன. அடாம்ஸ் போன்ற பல்லுறுப்பு மென்பொருள்கள் இயந்திரவியல் மட்டுமே உள்ள பெரிய அமைப்புகளுக்கு இவற்றைவிட வேகமானவை. வடிவமைப்புப் படத்திலிருந்து நேரே நாற்பது உறுப்புகளை இறக்கி, தொடுகை விசைகளோடு ஓட்டுவதுதான் வேலை என்றால் அவற்றையே பயன்படுத்துங்கள். பாண்ட் கிராஃபை அங்கே வலிந்து திணிப்பதில் பயனில்லை.

எதில் செய்தாலும், முடிவுகளை உங்கள் வழிகாட்டியிடம் காட்டும் முன் சில சோதனைகளைச் செய்யுங்கள். கிரேனில் உராய்வையும் உள்ளொடுக்கத்தையும் நீக்கிவிட்டு, ட்ராலியை நகராமல் பிடித்துச் சுமையைச் சில பாகை சாய்த்து விடுங்கள்: ஆட்டக் காலம் 8.97 விநாடிக்கு மிக அருகில் வர வேண்டும். அடுத்து ட்ராலியை முற்றிலும் சுதந்திரமாக விடுங்கள்: சுமையின் நிறைக்கும் ட்ராலியின் நிறைக்கும் உள்ள விகிதத்தோடு ஒன்றைக் கூட்டி, அதன் இருபடி மூலத்தால் அதிர்வெண் உயர்ந்து, காலம் ஏறக்குறைய 5.56 விநாடியாகச் சுருங்க வேண்டும். கயிற்றின் நெகிழ்வைச் சேர்த்திருந்தால் இந்த எண்கள் இம்மியளவு விலகும். முதல் எண் சரியாக வந்து இரண்டாவது தவறினால், இரு நிறைகளையும் இணைக்கும் எம்டிஎஃபின் விசைப் பக்கத்தைப் பாருங்கள்.

முப்பரிமாண உறுப்புக்கு வேறொரு சோதனை. மூன்று நிலைமத் திருப்புத்திறன்களும் வெவ்வேறாக உள்ள ஒரு பொருளை, வெளித் திருப்புவிசை ஏதும் இன்றி, நடு அளவுள்ள அச்சைச் சுற்றிச் சுழற்றி, மிகச் சிறிய ஒரு கோணல் கொடுங்கள். கிரிக்கெட் மட்டையைச் சுழற்றித் தூக்கிப் போட்டவர்களுக்குத் தெரியும், அது அப்படியே சுழலாது, குப்புறப் புரளும். உங்கள் உருவகமும் புரள வேண்டும். புரளும்போதே இயக்க ஆற்றலும் கோண உந்தத்தின் மொத்த அளவும் மாறாமல் இருக்க வேண்டும். புரளவில்லை என்றால் எம்ஜிஒய் வளையம் முழுமையாக இணையவில்லை. புரண்டும் ஆற்றல் மாறினால் மூன்று எம்ஜிஒய்களில் ஏதோ ஒன்றின் கெழு அதன் இரண்டு பக்கங்களிலும் ஒன்றாக இல்லை.

கரும்பு ஏற்றிக்கு, வால்வை மூடிவிட்டுக் கையை நிலையாக நிற்கவிட்டு, சிலிண்டர் அழுத்தத்தைக் கையால் கணக்கிட்ட நிலையியல் விடையோடு மூன்று வெவ்வேறு கோணங்களில் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு கோணத்தில் மட்டும் பொருந்தினால், எம்டிஎஃபின் கெழு கோணத்தோடு மாறாமல் தொடக்க மதிப்பிலேயே உறைந்துவிட்டது என்று பொருள்.